பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கு ஏற்ற இணையத் தளம் எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் வந்து கம்பன் கவிநயம் பற்றியும் குறளின் மாண்பு பற்றியும் பேசிச் செல்வது வழக்கம். இவ்வாண்டு அவ்விடத்தில் ஓர் இரயில்வே எழுத்தரை நிறுத்தியிருக்கிறீர்கள். யாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பணியில் சேர்ந்தோம். கல்லூரி ஒன்றின் வாயிலை மிதித்ததெல்லாம் மகளைத் தேர்வுக்கு அழைத்துச் சென்ற நாளில்தான். எனினும் நம் ஞாயிறு தமிழ் வகுப்பை இணையத்தின் வழியாகவும் நடத்துவதற்கு எந்தத் தளத்தைத் தெரிவு செய்யலாம் என ஆராய மூவர் குழு ஒன்றை அமைத்தபோது, எம்மையும் அதிற் சேர்த்துவிட்டீர்கள். மற்ற இருவருள் ஒருவர் இந்நகரிலுள்ள கல்லூரி ஒன்றில் துறைத் தலைவராக விளங்கும் பேராசிரியை. இன்னொருவர் தொலைத்தொடர்புப் பிரிவில் பணியாற்றும் இளைஞர். பொருளை அறிந்தவர்கள் அவர்கள். குறிப்பெழுதி வந்தவர் யாம். பேராசிரியை அவர்கள் குழுவின் முடிவை முழுமையாக ஏற்கவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். அவர் தரப்பையும் உள்ளபடியே கூறுமாறு பணித்திருக்கிறார், கூறுவோம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். முதற் கூட்டத்தில் பேராசிரியை அவர்கள் 'பிளாட்பாரம்', 'பிளாட்பாரம்' என்று பத்து முறையாவது சொல்லியிருப்பார். எமக்கோ அச்சொல்லைக் கேட்டவுடன் நம் கரக்பூர் நிலையத்தின் நடைமேடைதான் கண்முன் நின்றது. 1,072 மீட்டர் நீளமுடைய அது உலகிலேயே நெடியது என்று நெடுங்காலம் பெருமை பேசி வந்தோம். 2013இல் கோரக்பூர் நம்மை முந்தியது. 2023இல் ஹூப்பள்ளி கோரக்பூரை முந்தியது. ஆயினும் எம் மனத்தில் தோன்றிய உவமை தவறன்று எனப் பின்னர் விளங்கிற்று. நடைமேடை என்பது வண்டியும் அன்று, பயணமும் அன்று. பயணி வண்டியில் ஏறுவதற்கு ஏற்ற உயரத்தில் கட்டிய இடமே அது. மேடைக்கும் வண்டிப் படிக்கும் இடையே வெளி மிகுந்திருந்தால் இளைஞன் தாவி ஏறிவிடுவான். கிழவியும் குழந்தையும் கீழேயே நிற்பர். இணையக் கற்றல் தளமும் அத்தகையதே. பாடம் வேறு, ஆசிரியர் வேறு. பாடங்களை அடுக்கி வைக்கவும், பயிற்சி கொடுத்து வாங்கவும், திருத்தி மதிப்பெண் குறிக்கவும், எந்தப் பிள்ளை எதுவரை வந்துள்ளது என்று பார்க்கவும் உதவும் ஏற்பாட்டுக்கே இப்பெயர்.

இஃது ஏன் நமக்குத் தேவைப்பட்டது என்பதைப் புதிதாக வந்துள்ள அன்பர்களுக்குச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சு 22ஆம் நாள் ஊரடங்கோடு பயணி வண்டிகள் நின்றன. 25ஆம் நாள் முதல் நாடே அடைபட்டது. நம் மன்றத்துக் கூடத்தில் நடந்துவந்த ஞாயிறு வகுப்பும் நின்றது. அப்போது வகுப்பைக் கைவிடாமல் காத்தவர் டீச்சரம்மா. அவர் பெயரை மேடையிற் சொல்வது அவருக்கு எப்போதும் பிடித்ததில்லை. ஆதலின் நாமெல்லாம் அழைத்த பெயராலேயே குறிப்பிடுகிறோம். காணொளிச் செயலி ஒன்றில் வகுப்பைத் தொடங்கினார். கட்டணமில்லாச் சேவை ஆதலால் நாற்பது நிமிடத்தில் அறுந்துபோகும். 'ழ'கரத்துக்கு நாவை எப்படி மடிக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருக்கையில் அவர் முகம் மறைந்துபோவதும், பிள்ளைகள் நாக்கை நீட்டியபடி வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அந்நாளைய வேடிக்கைகள்.

வகுப்பு நேரம் போதாமையால் அவர் பாடங்களைத் தம் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்து, கைப்பேசிச் செய்திக்குழுவில் அனுப்பலானார். எழுபதுக்கு மேற்பட்ட பாடங்கள். ஒவ்வொன்றும் நான்கைந்து நிமிடம். முதலில் மெதுவாக ஒரு முறை, பின்னர் இயல்பான விரைவில் ஒரு முறை, இறுதியில் "இப்போது நீ படி, கண்ணு" என்று சொல்லிச் சற்று நேரம் காத்திருப்பார். அக்காத்திருப்பும் பதிவில் இருக்கும்; சமையலறையில் குக்கர் கூவுவதும் இருக்கும்.

2022இல் டீச்சரம்மா இயற்கை எய்தினார். துயரம் சற்றுத் தணிந்தபின், அப்பதிவுகளையெல்லாம் திரட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம் என்று செயலாளர் கூறினார். அப்போதுதான் நம் நிலை தெரிந்தது. அவருடைய கைப்பேசி முன்னரே பழுதுற்று மாற்றப்பட்டிருந்தது. குழுவில் இருந்த பெற்றோர் பலர் 'இடமில்லை' என்று கைப்பேசி எச்சரித்தபோதெல்லாம் பழைய கோப்புகளை அழித்திருந்தனர். பிறரைச் சொல்வானேன்? யாமும் அழித்தோம். மைத்துனர் மகன் திருமணக் காணொளிக்கு இடம் வேண்டியிருந்தது.

எழுபதுக்கு மேற்பட்டவற்றுள் நமக்குக் கிடைத்தவை பதினான்கு. அப்பதினான்கும் ஒரே பெண்ணின் வீட்டிலிருந்து வந்தவை. அவள் தந்தை நிலைய அதிகாரி. 2021இல் சாரண்டா காட்டுப் பகுதியில் உள்ள ஒரு சிறு நிலையத்துக்கு மாற்றலாகிச் சென்றவர். அங்கே குடியிருப்புக்குள் கைப்பேசி இணைப்புக் கிடைப்பதில்லை. ஆதலின் சந்தைக்குப் பெரிய ஊர் செல்லும் நாளில் அவள் பாடங்களை இறக்கி ஒரு சிறு நினைவட்டையில் சேர்த்து வைப்பாளாம். இணைப்பு நன்றாகக் கிடைத்த எம்போன்றோர் இழந்தோம். இணைப்பே இல்லாத பிள்ளை காத்து வைத்தாள். எம் கருத்தெல்லாம் இந்நிகழ்ச்சியிலிருந்தே பிறந்தது என்று கொள்ளலாம்.

இனிக் குழுவின் ஆராய்ச்சிக்கு வருவோம். பேராசிரியை அவர்கள் தம் துறையின் பட்டறிவை முதலில் எடுத்துரைத்தார். அடைப்புக் காலத்தில் அவர் கல்லூரியில் ஆசிரியர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய செயலியைப் பிடித்துக்கொண்டனராம். ஒருவர் மின்னஞ்சலில் பாடம் அனுப்புவார், ஒருவர் செய்திக்குழுவில் அனுப்புவார், இன்னொருவர் தேர்வுக்கென வேறொரு தளத்தில் நுழையச் சொல்வார். ஒரு மாணவி கையில் ஐந்து செயலிகள், ஐந்து கடவுச்சொற்கள். மாணவர்கள் வந்து, "எது வேண்டுமானாலும் வையுங்கள், ஒன்றாக வையுங்கள்" என்று முறையிட்ட பின்னரே துறைக் கூட்டம் கூடி ஒரே தளம் என முடிவு செய்ததாம். எதைத் தெரிவு செய்கிறோம் என்பதைவிட எல்லோரும் அதில் நிற்கிறோமா என்பதே முதன்மை என்றார். இதில் எமக்கு முழு உடன்பாடு.

ஆனால் கல்லூரித் துறைக்கு வேண்டியது வேறு, நமக்கு வேண்டியது வேறு. அவர்களுக்கு நூற்றுக்கணக்கில் மாணவர். வருகைப் பதிவு, அகமதிப்பீடு, ஒருவர் விடையை மற்றவர் பார்த்தெழுதினாரா என்னும் சோதனை, தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்ட வேண்டிய ஆவணங்கள் எனத் தேவைகள் விரியும். நம் வகுப்பிலோ 31 பிள்ளைகள். அவர்களுள் ஒன்பது பேர் தந்தையின் மாற்றலால் வெளியூரில் இருப்பவர். மதிப்பெண்ணுக்காக எவரும் நம்மிடம் வரவில்லை. பாட்டியோடு பேசத் தெரிய வேண்டும், ஊர்ப்பெயர்ப் பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும் என்றே வருகின்றனர்.

எனவே பெரும் பல்கலைக்கழகங்கள் விலை கொடுத்து வாங்கும் பிளாக்போர்டு, கேன்வாஸ் முதலியவற்றைக் கால்மணி நேரத்தில் ஒதுக்கிவிட்டோம். நடுவண் அரசு 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தையும் பார்த்தோம். அதில் சேர்ந்து முடிக்கும் பாடங்களுக்குரிய மதிப்பலகுகளைக் கல்லூரி மாணவர் தம் பட்டப் படிப்பில் 40 விழுக்காடு வரை சேர்த்துக்கொள்ளலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி செய்துள்ளது. பள்ளிகளுக்கென அதே 2017இல் வந்தது தீக்ஷா. இவை பிறர் சமைத்துப் பரிமாறும் பந்திகள். நாம் அடுப்பு மூட்டிச் சமைப்பதற்கு உரியவை அல்ல. தமிழ்நாட்டு அரசு 2001இல் நிறுவிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குவது, மழலைக் கல்வி முதல் பட்டப் படிப்பு வரை பாடங்களை வைத்திருக்கிறது. அப்பாடங்களை நம் பிள்ளைகளுக்குப் பயன்படுத்துவதென்று எவ்வித விவாதமுமின்றி முடிவு செய்தோம். நம் ஊரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய தேசிய மின்னூலகத்தையும் பெரிய பிள்ளைகளுக்குக் காட்டலாம். எனினும் நம் பிள்ளை எழுதிய கட்டுரையை வாங்கித் திருத்திக் கொடுக்க நமக்கென ஓரிடம் வேண்டுமன்றோ? அதற்குப் போட்டியில் நின்றவை இரண்டே: ஒன்று கூகுள் கிளாஸ்ரூம், மற்றது மூடுல்.

மூடுல் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் பொருளாளர், "தொடக்கமே 'மூடு' என்றிருக்கிறதே, திறக்குமா?" என்று கேட்டார். திறக்கும், திறந்திருப்பதே அதன் சிறப்பு. ஆசுத்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பார் தொடங்கி 2002இல் முதற் பதிப்பாக வெளியிட்ட மென்பொருள் அது. அதன் நிரல் எவரும் எடுத்துக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் உரிமை தந்து வழங்கப்படுகிறது, விலை இல்லை. தமிழ் முகப்பும் அதற்கு உண்டு. மொழிபெயர்ப்பு இன்னும் நிறைவுறாமையால் ஒரு வரி தமிழும் ஒரு வரி ஆங்கிலமுமாக, நாம் வீட்டிற் பேசுவதுபோலவே இருக்கும். விருப்பமுள்ளோர் எவரும் மொழிபெயர்த்து உதவலாமாம். வகுப்பை முடித்து வளர்ந்துவிட்ட நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விலை இல்லை என்றதும் அவையினர் சிலர் முகம் மலர்வதைக் காண்கிறோம். யானையை யாரோ இலவசமாகக் கொடுத்தாலும் கட்டித் தீனி போடுவது நாம்தானே? மூடுலை நிறுத்தி வைக்க இணையத்தில் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். விட்டால் திருடர் புகுவர். இவற்றைக் கவனிக்க ஆள் வேண்டும். 2023இல் ஒரு பொறியியல் மாணவர் நம் சங்கத்துக்கு வந்து, இரண்டே இரவில் அழகிய தளம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். படிப்பு முடிந்து அவர் வேலைக்குச் சென்றார். அடுத்த ஆண்டு வாடகை கட்ட வேண்டிய அறிவிப்பு அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போயிற்று. தளம் மறைந்தது. அவரைக் குறை கூறுவது முறையன்று. சாவியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கியது நாம்.

கூகுள் கிளாஸ்ரூம் அப்படியன்று. 2014இல் பள்ளிகளுக்கென வந்தது. 2017 முதல் தனிமனிதர் கணக்கு வைத்திருப்போரும் வகுப்புத் தொடங்கலாம் என ஆயிற்று. இடம் பிடிக்க வேண்டா, புதுப்பிக்க வேண்டா, இரவில் விழித்திருக்க வேண்டா. கைப்பேசியில் விரலால் தொட்டால் வகுப்பு. யாம் அதை இரயில்வே குடியிருப்புக்கு ஒப்பிட்டோம். சுவர் அவர்களுடையது, குழாய் அவர்களுடையது; பழுது பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. வசதியாக வாழலாம். ஆனால் ஓய்வு பெற்றாலோ மாற்றலானாலோ சில திங்களில் சாமான் கட்ட வேண்டும். அன்று நாம் நட்ட முருங்கை அங்கேயே நிற்கும். சொந்த வீடு ஒழுகும். ஒழுகினால் ஏணி வைத்து ஏறுவதும் நாமே. ஆனால் காலி செய் என்று யாரும் தாள் நீட்ட மாட்டார்.

இவ்வொப்புமை மிகை என்றார் பேராசிரியை. அவ்வளவு பெரிய நிறுவனம் நம்மைக் காலி செய்யச் சொல்லுமா என்றார். தொலைத்தொடர்பு இளைஞர் அப்போது எட்மோடோவின் கதையை எடுத்துச் சொன்னார். அமெரிக்காவில் 2008இல் தோன்றி, பல நாட்டுப் பள்ளிகள் கட்டணமின்றிப் பயன்படுத்திய கற்றல் தளம் அது. 2022 செப்டம்பர் 22ஆம் நாள் மூடப்பட்டது. அறிவிப்புக்கும் மூடலுக்கும் இடையே கிடைத்தவை சில வாரங்களே. கூகுளும் கல்வி நிறுவனங்களுக்கு அளவின்றித் தந்துவந்த சேமிப்பிடத்துக்கு 2021இல் எல்லை அறிவித்தது. நிறுவனம் தீயது என்பதன்று இதன் பொருள். விலையின்றிக் கொடுப்பவர் கொடுப்பதை நிறுத்தும் உரிமையும் உடையவர் என்பதே பொருள்.

இங்கே எம் தொழிலைச் சற்றுப் பேச இடம் தருக. யாம் பணியாளர் பிரிவில் இருபது ஆண்டுக்கு மேலாக எழுத்தராக இருக்கிறோம். ஒரு தொழிலாளி ஒரு கோட்டத்திலிருந்து மற்றொரு கோட்டத்துக்கு மாற்றலானால் அவர் பெட்டி படுக்கை மட்டும் போவதில்லை. அவருடைய பணிப்பதிவேடு போக வேண்டும், விடுப்புக் கணக்குப் போக வேண்டும், கடைசி ஊதியச் சான்று போக வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் மனிதர் புதிய இடத்தில் வேலை செய்துகொண்டே பழைய இடத்துக்குக் கடிதம் எழுதி அலைவார். ஊதிய உயர்வு நிற்கும். ஓய்வூதியக் கணக்கு முடங்கும். ஒரு பதிவேடு வந்து சேராமையால் கண்ணீர் விட்டவரை எம் மேசைக்கு முன் பார்த்திருக்கிறோம். இப்போது அப்பதிவேடுகளும் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன; ஆயினும் விதி மாறவில்லை. மனிதன் எங்கே போகிறானோ அங்கே அவன் ஏடும் போக வேண்டும்.

ஆகவே எந்தத் தளத்தைப் பார்த்தாலும் யாம் முதலில் கேட்டது, "இதில் என்னென்ன வசதி உண்டு?" என்பதன்று. "இதைவிட்டுப் போகும் நாளில் எதை எடுத்துக்கொண்டு போகலாம்?" என்பதே. மற்ற இருவரும் முதலில் சிரித்தனர். பெண் பார்க்கப் போன இடத்தில் மணமுறிவு பற்றிக் கேட்பதுபோல் இருக்கிறதாம். இருக்கட்டும். பதினான்கு பதிவுகளுக்குப் பின் அக்கேள்வியைக் கேட்காமல் இருக்க எம்மால் இயலவில்லை.

கூகுளில் நாம் வைத்த கோப்புகளைத் திரட்டி இறக்கிக்கொள்ள வழி உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அவை தனித்தனிக் கோப்புகளாக வரும். பாட வரிசையும், இன்ன பிள்ளைக்கு இன்ன பயிற்சி என்ற தொடர்பும் வேறொரு தளத்தில் அப்படியே முளைக்கமாட்டா. மேலும் வகுப்பு ஓர் ஆசிரியரின் கணக்கின் பெயரில் நிற்கும். அவர் விலகுமுன் பிறர்க்கு மாற்றிக் கொடுக்க நினைவு கொள்ள வேண்டும். மூடுலிலோ ஒரு பாடத்தொகுதி முழுவதையும் ஒரே காப்புக் கோப்பாகக் கட்டி எடுக்கலாம். நாளை வேறோர் ஊர்ச் சங்கம் மூடுல் வைத்திருந்தால் அங்கே அவிழ்த்தால் வரிசை குலையாமல் எழுந்து நிற்கும். கைப்பேசிச் செயலியில் பாடங்களை முன்கூட்டி இறக்கி வைத்து, இணைப்பு இல்லாத இடத்திலும் படிக்கலாம். பயிற்சி செய்து வைத்துப் பின்னர் இணைப்புக் கிடைக்கும்போது அனுப்பவும் ஏற்பாடு உண்டு.

அகவை பற்றிய சிக்கல் ஒன்றும் உண்டு. பதின்மூன்று நிரம்பாத பிள்ளை தானாகக் கூகுள் கணக்குத் தொடங்க இயலாது. பெற்றோர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும். நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் எட்டும் ஒன்பதும். பல வீடுகளில் தந்தையின் கணக்கிலேயே பிள்ளை நுழைகிறது. ஒருமுறை வீட்டுப்பாடத்துக்கு மாறாகச் சரக்கு வண்டியின் பிரேக்குச் சான்றிதழ்ப் படம் ஒன்று வந்து சேர்ந்தது. அதற்கும் யாரோ பத்துக்கு ஏழு போட்டிருந்தார்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு அகவை நிரம்பாதவர் பற்றிய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் உறுதிசெய்யத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. எந்தத் தளமாயினும் இது பொருந்தும். ஆதலின் பெயர், வகுப்பு, பெற்றோர் தொடர்பெண் என்னும் மூன்றுக்கு மேல் எதையும் கேட்பதில்லை என முடிவு செய்து, ஒரு பக்க இசைவுப் படிவம் எழுதியுள்ளோம். படிவம் எழுதுவதில் மட்டும் எமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டா.

வாதம் முற்றியபோது இரண்டு திங்கள் சோதித்துப் பார்ப்போம் என்றார் பேராசிரியை. ஏழு குடும்பங்கள் கிளாஸ்ரூமில், ஏழு குடும்பங்கள் மூடுலில். முடிவை மறைக்காமல் சொல்கிறோம். கிளாஸ்ரூமில் ஏழு குடும்பங்களும் அன்று மாலையே நுழைந்துவிட்டன. மூடுலில் முதல் வாரம் எம் கைப்பேசி ஓயவில்லை. கடவுச்சொல் மறந்தவர் ஐவர். பணிமனைத் தோழர் ஒருவர் கடவுச்சொல்லை அடுப்படி நாட்காட்டியில் எழுதி வைத்து, திங்கள் பிறந்ததும் தாளைக் கிழித்துவிட்டார். இதுவரை பேராசிரியைக்கே வெற்றி.

ஆனால் இரண்டாம் திங்களில் நிலை சற்று மாறியது. மூடுலில் சேர்ந்த ஏழில் ஒன்று அந்தச் சாரண்டாக் குடும்பம். அப்பெண் வாரத்துக்கு ஒருமுறை இணைப்புள்ள இடத்தில் பாடத்தை இறக்கிக்கொண்டு, வீட்டில் முடித்து, அடுத்த முறை வரும்போது அனுப்பினாள். அவள் அனுப்பாமல் விட்ட பயிற்சி ஒன்றுகூட இல்லை. கிளாஸ்ரூம் பக்கத்தில் வெளியூரில் இருந்த இரு பிள்ளைகள் மூன்றாம் வாரத்திலேயே பின்தங்கினர். ஏழுக்கு ஏழு என்பது பெரிய சோதனையன்று. அப்பிள்ளைகள் வேறு காரணத்தாலும் பின்தங்கியிருக்கலாம் என்று பேராசிரியை கூறினார். அது நியாயமே.

அவருடைய வாதத்தின் சாரம் இது: நாள்தோறும் எளிதாகப் பயன்படும் சிறிய பொருள், பயன்படாமல் கிடக்கும் சிறந்த பொருளைவிட மேலானது, பராமரிக்க ஆளில்லாத சங்கம் சொந்த வீடு கட்டினால் கூரை இடிந்து பிள்ளைகள் தலையில்தான் விழும், 2023இல் நேர்ந்தது மீண்டும் நேரும். இதற்கு எம்மிடம் முழு விடை இல்லை. பாதி விடை உண்டு. அதையே குழுவின் பரிந்துரையாக, அவருடைய மாற்றுக் கருத்தையும் இணைத்துப் பொதுக்குழுவின் முன் வைக்கிறோம்.

பாடங்களும் பிள்ளைகளின் எழுத்தும் மூடுலில் இருக்கட்டும். நேரடி வகுப்புக்கு இப்போதுள்ள காணொளிச் செயலியே போதும். செய்திக்குழு அறிவிப்புக்கு மட்டும். காக்க வேண்டிய எதையும் அதில் போடுவதில்லை. இட வாடகை சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தனியொருவர் பெயரில் கூடாது. சாவி மூவரிடம் இருக்க வேண்டும்; அம்மூவருள் ஒருவராவது மாற்றலுக்கு அஞ்சாத, ஓய்வு பெற்ற உள்ளூர்வாசியாக இருக்க வேண்டும். திங்கள்தோறும் முதல் ஞாயிறு காப்புக் கோப்பை இரண்டு வட்டுகளில் எடுத்து, ஒன்றைச் சங்கத்து இரும்புப் பீரோவிலும் மற்றொன்றைச் செயலாளர் வீட்டிலும் வைத்து, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அடுத்தடுத்து இரண்டு திங்கள் அக்கையெழுத்து இல்லையேல், வீம்பு பாராட்டாமல் மூடுலைக் கட்டி வைத்துவிட்டுக் கிளாஸ்ரூமுக்குப் போய்விட வேண்டும். இக்கடைசி விதி பேராசிரியை அவர்கள் வற்புறுத்திச் சேர்த்தது. யாம் மனமார ஒப்பினோம்.

தட்டச்சு பற்றியும் கேட்டீர்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை கைப்பேசியிலும் கிடைக்கிறது. பெரிய பிள்ளைகள் அதைப் பழகட்டும். சிறுவர்கள் ஏட்டில் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினால் போதும். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று தட்டித் தமிழ் வரவழைக்கும் முறையைச் சிறுவர்க்குப் பழக்குவதில் எமக்கு விருப்பமில்லை. எழுத்தின் வடிவம் கையில் ஏறிய பின்னர் எதுவும் செய்துகொள்ளட்டும்.

ஆண்டு வாடகைக்கான தொகை பொதுக்குழுவின் முன் வரும். அத்தொகையில் பொங்கல் விழாவுக்குக் கூடுதலாக ஒரு பந்தல் போடலாம் என்று நினைப்பவர்கள் இவ்வவையில் உண்டு. அவர்கள் எம் நண்பர்களே. வாக்களிக்குமுன் அவர்கள் ஒருமுறை அப்பதினான்கு பதிவுகளில் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று மட்டும் விழைகிறோம். இன்று கூடத்தின் வாயிலருகே உள்ள மேசையில் அவற்றைக் கேட்பதற்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். எவர் வீட்டிலாவது பழைய கைப்பேசி அலமாரியில் கிடந்தால், தூக்கி எறியுமுன் அதையும் அம்மேசைக்குக் கொண்டு வாருங்கள். தொலைத்தொடர்பு இளைஞர் திறந்து பார்ப்பார். பதினைந்தாவது பதிவு எவர் வீட்டில் கிடக்கிறதோ, யாரறிவார்?

இசைவுப் படிவம் செயலாளரிடம் உள்ளது. வெளியூர்ப் பெற்றோருக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டோம்.